நூற்றுக்கு ஏழு குறைந்த கனிமம்

(பத்தாம் வகுப்பு மாணவி)

வெள்ளி என்றதும் காலில் அணியும் கொலுசும், கழுத்தில் தொங்கும் சிலுவைப் பதக்கமும் நம் நினைவுக்கு வரும். ஆனால் பூமிக்குள் வெள்ளி பெரும்பாலும் இப்படிப் பளபளவென்று கிடப்பதில்லை. கந்தகத்தோடும் வேறு தனிமங்களோடும் கூடி, கறுத்த கல்லாகவே கிடக்கிறது. இத்தகைய வெள்ளிக் கனிமங்கள் பல உள்ளன. அவற்றுள் மிக அரியது ஆர்ஜிரோடைட். உலகில் வெகு சில இடங்களிலேயே இது கிடைக்கிறது. நகை செய்யவோ நாணயம் அடிக்கவோ யாரும் இதைத் தேடிப் போவதில்லை.

ஆயினும் வேதியியல் வரலாற்றில் இந்தச் சிறு கனிமத்துக்குத் தனி இடம் உண்டு. ஒரு வேதியியலார் இதைப் பகுத்து எடைபோட்டபோது நூற்றுக்கு ஏழு பங்கு குறைந்தது. அந்த ஏழு எங்கே போயிற்று என்று அவர் விடாமல் தேடினார். அதன் பயனாக உலகம் ஒரு புதிய தனிமத்தை அறிந்தது. அந்தக் கனிமத்தின் பண்புகளையும், அதை எந்த வகுப்பில் சேர்ப்பது என்பதையும், காணாமற்போன ஏழு பங்கின் கதையையும் இக்கட்டுரையில் காண்போம்.

கந்தக உப்புகள் என்றால் என்ன?

உப்பு என்றால் சமையல் உப்பு மட்டுமல்ல என்பதை வகுப்பில் படித்திருக்கிறோம். சுண்ணாம்புக்கல்லும் ஓர் உப்பே. அதில் கால்சியம் என்னும் உலோகம் ஒரு பக்கம். கார்பனும் அதைச் சூழ்ந்த மூன்று ஆக்சிஜன் அணுக்களும் சேர்ந்த ஒரு கூட்டம் மறுபக்கம். இரண்டும் இணைந்து கல்லாகின்றன.

இந்த அமைப்பில் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் கந்தகத்தை வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் வெள்ளி, செம்பு, காரீயம் போன்ற உலோகம். மறுபக்கம் ஆர்சனிக், ஆன்டிமனி, பிஸ்மத் போன்ற ஒரு தனிமமும் அதைச் சூழ்ந்த கந்தக அணுக்களும். இப்படி அமைந்த கனிமங்களே சல்போ உப்புகள், அதாவது கந்தக உப்புகள் எனப்படும்.

எடுத்துக்காட்டாக, பைரார்ஜிரைட் என்னும் கனிமத்தில் மூன்று வெள்ளி அணுக்களுக்கு ஓர் ஆன்டிமனி அணுவும் மூன்று கந்தக அணுக்களும் உள்ளன. ஆன்டிமனியை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஆர்சனிக்கை வைத்தால் அது புரூஸ்டைட் ஆகிவிடும். இவ்விரண்டும் மாணிக்கம்போல் சிவந்து தோன்றுவதால் இவற்றை மாணிக்க வெள்ளி என்றும் அழைப்பதுண்டு.

ஆர்ஜிரோடைட்டோ இந்தக் குடும்பத்தில் சற்று வேறுபட்ட பிள்ளை. அதில் எட்டு வெள்ளி அணுக்களும் ஆறு கந்தக அணுக்களும் உள்ளன. ஆனால் ஆர்சனிக்கோ ஆன்டிமனியோ இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு தனிமம் ஒரே ஓர் அணுவாக உட்கார்ந்திருக்கிறது. அது கண்டுபிடிக்கப்பட்ட நாளில் அந்தத் தனிமத்துக்குப் பெயர்கூட இல்லை.

பிறந்த இடம்

ஜெர்மனியின் கிழக்கே உள்ள சாக்சனி மாநிலத்தில் பிரைபெர்க் என்ற ஊர் இருக்கிறது. அப்பகுதியில் 1168 ஆம் ஆண்டளவில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அதன்பின் பல நூற்றாண்டுகள் அங்கே சுரங்கத் தொழில் நடந்தது. சுரங்கக் கலையைக் கற்பிப்பதற்கென்றே 1765 இல் அங்கு ஒரு கல்விக்கழகம் தொடங்கப்பட்டது. இண்டியம் என்னும் தனிமம் 1863 இல் கண்டுபிடிக்கப்பட்டதும் இதே ஊரில்தான்.

பிரைபெர்க்கை அடுத்த சுரங்கங்களுள் ஒன்றின் பெயர் ஹிம்மல்ஸ்பூர்ஸ்ட். விண்ணக வேந்தன் என்பது அதன் பொருள். 1885 ஆம் ஆண்டில் அச்சுரங்கத்திலிருந்து இதுவரை பார்த்திராத ஒரு கனிமம் வெளியே வந்தது. கல்விக்கழகத்தின் கனிமவியல் பேராசிரியர் ஆல்பின் வைஸ்பாக் அதை ஆராய்ந்து, அது புதிய கனிமமே என்று உறுதி செய்தார். வெள்ளி நிறைந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ஆர்ஜிரோடைட் என்று பெயரிட்டார்.

தோற்றமும் பண்புகளும்

ஒரு கனிமத்தை அடையாளம் காண்பதற்குச் சில எளிய சோதனைகள் உண்டு. அவற்றின்படி ஆர்ஜிரோடைட்டின் பண்புகளை வரிசையாகப் பார்ப்போம்.

நிறம்: புதிதாக உடைத்த பக்கம் எஃகைப்போல் சாம்பல் நிறமாக இருக்கும். அதில் இலேசான செம்மை கலந்திருக்கும். காற்றுப்பட்டு நாளடைவில் ஊதாவும் கறுப்புமாக மங்கிவிடும்.

பளபளப்பு: உலோகப் பளபளப்பு உடையது. ஒளி இதனூடே செல்லாது.

தேய்த்த கோடு: மெருகிடாத வெண்பீங்கானில் தேய்த்தால் சாம்பல் கலந்த கறுப்புக் கோடு விழும்.

கடினம்: மோஸ் அளவுகோலில் 2.5 முதல் 3 வரை. நம் விரல் நகத்தின் கடினம் ஏறத்தாழ 2.5, செம்பின் கடினம் ஏறத்தாழ 3. ஆகவே இது மென்மையான கனிமமே. ஆனால் தட்டினால் வளையாது, நொறுங்கிவிடும்.

ஒப்படர்த்தி: 6.1 முதல் 6.3 வரை. சாதாரண வெண்கல்லான குவார்ட்சின் ஒப்படர்த்தி 2.65 தான். எனவே ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளைக் கையில் எடுத்தால் ஆர்ஜிரோடைட் இருமடங்குக்கு மேல் கனக்கும். உள்ளே வெள்ளி நிறைந்திருப்பதே இதற்குக் காரணம்.

படிக வடிவம்: படிகங்கள் மிகச் சிறியவை. கண்ணுக்கு இவை கனசதுரத் தொகுதியைச் சேர்ந்தவைபோல், எட்டு முகமும் பன்னிரண்டு முகமும் கொண்டு தோன்றும். ஆனால் எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தபோது உண்மை வேறாக இருந்தது. சாதாரண வெப்பநிலையில் இதன் மூன்று அச்சுகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருந்தாலும் நீளத்தில் சமமில்லை. சுமார் 220 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் சூடாக்கினால்தான் உண்மையான கன அமைப்பைப் பெறுகிறது.

ஊதுகுழல் சோதனை: கரித்துண்டின்மேல் வைத்து ஊதுகுழலால் சுடரை அதன்மீது செலுத்தினால் கனிமம் உருகும். கந்தகம் புகையாகப் போய்விடும். முடிவில் கரியின்மேல் ஒரு வெள்ளி மணி எஞ்சும்.

கணக்கு நேராகவில்லை

புதிய கனிமம் ஒன்று கிடைத்தால், அதில் எந்தெந்தத் தனிமம் எவ்வளவு உள்ளது என்று பகுத்தறிய வேண்டும். இந்தப் பணியை வைஸ்பாக் தம் கல்விக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கிளமென்ஸ் விங்க்ளரிடம் ஒப்படைத்தார். விங்க்ளர் 1838 இல் அதே பிரைபெர்க்கில் பிறந்தவர். பகுப்பாய்வில் தேர்ந்த கை உடையவர்.

விங்க்ளர் கனிமத்தைப் பகுத்தார். வெள்ளி ஏறத்தாழ 75 பங்கு. கந்தகம் 17 பங்கு. இரும்பு, துத்தநாகம், பாதரசம் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு பங்குக்குச் சற்று மேல். கூட்டிப் பார்த்தால் 93 தான் வந்தது. நூறு வரவேண்டிய இடத்தில் ஏழு குறைந்தது!

அவர் மீண்டும் செய்தார். மீண்டும் அதே குறை. எத்தனை முறை செய்தாலும் ஆறு ஏழு பங்கு காணவில்லை. இந்த நிலையில் ஒருவர் என்ன செய்யக்கூடும்? தராசில் பிழை என்று சொல்லிவிடலாம். வடிகட்டும்போது சிந்திவிட்டது என்று எழுதிவிடலாம். அல்லது ஒவ்வோர் எண்ணையும் சிறிது உயர்த்திக் கூட்டுத்தொகையை நூறாக்கிவிடலாம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை.

விங்க்ளர் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவு குறைகிறதென்றால் அது கைப்பிழையாக இருக்க முடியாது என்று முடிவு செய்தார். கைப்பிழை ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். இந்தக் குறையோ மாறவில்லை. ஆகவே இதுவரை அறியப்படாத ஏதோ ஒரு தனிமம் இதில் ஒளிந்திருக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினார். குளிர்காலம் முழுவதும் ஆய்வகத்தில் உழைத்தார்.

அந்தத் தனிமம் ஏன் அவர் கண்ணில் படவில்லை? அதன் சல்பைடு வெண்ணிறப் பொருள். அது நீரிலும் வலிமை குறைந்த அமிலத்திலும் கரைந்துவிடும். எனவே வழக்கமான முறையில் வடிகட்டும்போது வடிநீரோடு போய்விட்டது. அதன் குளோரைடோ நீரைவிடக் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிவிடும். ஆகவே அமிலத்தோடு கொதிக்க வைத்தால் காற்றோடு போய்விடும். ஒரு வழி நீரில், ஒரு வழி காற்றில், இரண்டு வழியிலும் அது தப்பித்துக் கொண்டே இருந்தது.

கடைசியில் விங்க்ளர் கனிமத்தைச் சோடாவுடனும் கந்தகத்துடனும் சேர்த்து உருக்கி, நீரில் கரைத்தார். முதலில் சிறிதளவு அமிலம் சேர்த்து, தெரிந்த தனிமங்களின் சல்பைடுகளைப் பிரித்து வடிகட்டினார். எஞ்சிய தெளிந்த நீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை மிகுதியாக ஊற்றினார். அப்போது வெண்மையான படிவு ஒன்று திரண்டு வந்தது. அந்தப் படிவை ஹைட்ரஜன் வாயுவில் சூடாக்கியபோது சாம்பல் நிறமான புதிய தனிமம் கிடைத்தது. அது 1886 பிப்ரவரி 6 ஆம் நாள். தம் தாய்நாட்டின் பெயரால் விங்க்ளர் அதற்கு ஜெர்மானியம் என்று பெயரிட்டார்.

மெண்டலீவின் காலிக் கட்டம்

இந்தக் கதைக்கு ரஷ்யாவிலும் ஒரு பகுதி உண்டு. மெண்டலீவ் 1869 இல் தனிமங்களை அணு எடையின் வரிசையில் அடுக்கி ஆவர்த்தன அட்டவணையை வெளியிட்டார் என்பது நாம் அறிந்ததே. பொருத்தமான தனிமம் கிடைக்காத இடங்களை அவர் காலியாக விட்டார். 1871 இல், அவற்றுள் மூன்று இடங்களுக்கு வரப்போகும் தனிமங்களின் பண்புகளையும் முன்கூட்டியே எழுதி வைத்தார். சிலிக்கனுக்குக் கீழே இருந்த காலியிடத்துக்கு அவர் இட்ட பெயர் ஏக சிலிக்கன். ஏக என்றால் ஒன்று. ஏகாந்தம், ஏகமனதாக என்றெல்லாம் நாம் சொல்லும் அதே வடமொழிச் சொல்லை அவர் எடுத்துக் கொண்டது நமக்கு மகிழ்ச்சி தருவதாகும்.

புதிய தனிமம் எந்தக் கட்டத்துக்கு உரியது என்பதில் முதலில் குழப்பம் ஏற்பட்டது. ஆன்டிமனிக்கும் பிஸ்மத்துக்கும் இடைப்பட்டது என்று விங்க்ளர் எண்ணினார். மெண்டலீவே அதை வேறோர் இடத்தில் வைக்கப் பார்த்தார். அதன் பண்புகளை அளந்த பிறகுதான் அது ஏக சிலிக்கன் என்பது ஐயமின்றித் தெரிந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அணு எடை: மெண்டலீவ் சொன்னது 72, விங்க்ளர் கண்டது 72.32.
அடர்த்தி: சொன்னது 5.5; கண்டது 5.47.
ஆக்சைடின் அடர்த்தி: சொன்னது 4.7, கண்டது 4.703.
குளோரைடின் கொதிநிலை: சொன்னது 100 டிகிரிக்குக் கீழ், கண்டது 86 டிகிரி.

கண்ணால் காணாத ஒரு பொருளைப் பற்றிப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே எழுதிய எண்கள் இவை! காலியம் 1875 இலும், ஸ்காண்டியம் 1879 இலும், ஜெர்மானியம் 1886 இலும் கிடைத்து மூன்று கட்டங்களும் நிரம்பின. ஆவர்த்தன அட்டவணையை அதன்பின் எவரும் வெறும் கற்பனை என்று ஒதுக்க முடியவில்லை.

எந்த வகுப்பில் சேர்ப்பது?

இனி வகைப்பாட்டுக்கு வருவோம். விங்க்ளர் ஆர்ஜிரோடைட்டில் ஒரு ஜெர்மானிய அணுவுக்கு ஆறு வெள்ளி அணுக்களும் ஐந்து கந்தக அணுக்களும் இருப்பதாகக் கருதினார். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்பீல்டு என்பவர் 1893 இல் இதைத் திருத்தினார். வெள்ளி எட்டு, கந்தகம் ஆறு என்பதே சரி என்று காட்டினார்.

நாமே இதைச் சரிபார்க்கலாம். வெள்ளியின் அணு எடை 108. எட்டு அணுக்களுக்கு 864. ஜெர்மானியத்தின் அணு எடை இன்றைய அளவின்படி 72.6. கந்தகம் 32. ஆறு அணுக்களுக்கு 192. மொத்தம் 1128.6. இதில் ஜெர்மானியத்தின் பங்கு நூற்றுக்கு 6.4. விங்க்ளர் கண்ட குறையோடு இது ஏறத்தாழ ஒத்துவருகிறது அல்லவா? இணைதிறனும் சரியாகவே உள்ளது. வெள்ளிக்கு ஒன்று வீதம் எட்டு, ஜெர்மானியத்துக்கு நான்கு, ஆகப் பன்னிரண்டு. கந்தகத்துக்கு இரண்டு வீதம் ஆறு அணுக்களுக்கும் பன்னிரண்டு.

பென்பீல்டு தென் அமெரிக்காவின் பொலிவியாவிலிருந்து வந்த ஒரு கனிமத்தையும் ஆராய்ந்தார். அதன் சேர்க்கை ஆர்ஜிரோடைட்டைப் போலவே இருந்தாலும் படிக வடிவம் வேறு என்று கருதி, கான்பீல்டைட் என்று தனிப்பெயர் கொடுத்தார். பின்னர் பிரைபெர்க் படிகங்களும் அதே வடிவமுடையவை என்று தெரிந்தது. ஒரே கனிமத்துக்கு இரண்டு பெயர் எதற்கு? எனவே 1894 இல் அப்பெயர் இதன் உடன்பிறப்பான வேறொரு கனிமத்துக்கு மாற்றப்பட்டது. அதில் ஜெர்மானியம் இருக்கும் இடத்தில் வெள்ளீயம் இருக்கிறது. அட்டவணையில் ஜெர்மானியத்துக்கு நேர் கீழே இருப்பது வெள்ளீயமே என்பதைக் கவனியுங்கள். ஒரே பத்தியில் உள்ளவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று அமர முடியும்.

பழைய கனிமவியல் நூல்கள் ஆர்ஜிரோடைட்டைக் கந்தக உப்பாகவே வகுத்தன. இன்றைய வகைப்பாடுகள் சில இதைச் சாதாரண சல்பைடுகளோடு சேர்க்கின்றன. இதற்குக் காரணம் அதன் உள்ளமைப்பு. ஆறு கந்தக அணுக்களில் நான்கு மட்டுமே ஜெர்மானியத்தைச் சூழ்ந்து நிற்கின்றன. மற்ற இரண்டும் வெள்ளியோடு மட்டுமே பிணைந்துள்ளன. நான்கைப் பார்த்தால் கந்தக உப்பு. இரண்டைப் பார்த்தால் சல்பைடு. மேலும், கந்தக உப்பு என்ற பெயரை ஆர்சனிக், ஆன்டிமனி, பிஸ்மத் போன்றவை உள்ள கனிமங்களுக்கு மட்டுமே வழங்க வேண்டும் என்பாரும் உளர். இயற்கை தன் பொருள்களை அமைத்துவிடுகிறது. அவற்றுக்கு அலமாரி செய்வது மனிதரின் வேலை. ஒரு பொருள் எந்தத் தட்டிலும் சரியாக அமராதபோதுதான் நாம் அலமாரியை மீண்டும் கவனமாகப் பார்க்கிறோம்.

இன்றைய பயன்

ஆர்ஜிரோடைட் மிக அரியதாகையால் அதிலிருந்து இன்று ஜெர்மானியம் எடுப்பதில்லை. துத்தநாகத் தாதுவைச் சுத்திகரிக்கும்போதும், சிலவகை நிலக்கரியின் சாம்பலிலிருந்தும் அது துணைப்பொருளாகக் கிடைக்கிறது.

1947 டிசம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவான முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத் துண்டினால் ஆனது. பிற்காலத்தில் அவ்விடத்தைச் சிலிக்கன் பிடித்துக் கொண்டது. எனினும் அகச்சிவப்புக் கதிர்களைத் தன்னூடே செல்லவிடும் தன்மையால், இருளில் வெப்பத்தைக் கொண்டு உருவம் காட்டும் கருவிகளின் வில்லைகளை ஜெர்மானியத்தால் செய்கிறார்கள். தொலைபேசி, கணினிச் செய்திகளைக் கொண்டு செல்லும் கண்ணாடி இழைகளிலும் அதன் ஆக்சைடு சேர்க்கப்படுகிறது.

கனிமத்தின் பெயரும் மறையவில்லை. ஆர்ஜிரோடைட்டின் அமைப்பில் வெள்ளி அயனிகள் எளிதில் இடம்பெயரக் கூடியவை. அந்த அமைப்பை அப்படியே வைத்துக் கொண்டு, வெள்ளிக்குப் பதில் லித்தியமும், ஜெர்மானியத்துக்குப் பதில் பாஸ்பரசும், கந்தகத்தில் ஒரு பகுதிக்குப் பதில் குளோரினும் சேர்த்த பொருள்களை 2008 இல் ஜெர்மன் அறிவியலார் வெளியிட்டனர். இவற்றுக்கு லித்திய ஆர்ஜிரோடைட்டுகள் என்று பெயர். திரவமே இல்லாத புதுவகை மின்கலங்களில் இவற்றைப் பயன்படுத்த இன்று பல நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது.

பிரைபெர்க்கில் தாது எடுப்பது 1969 இல் நின்றுவிட்டது. அந்தப் பழைய சுரங்கப் பகுதி 2019 இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

முடிவுரை

அன்புத் தோழியரே! ஆய்வகத்தில் நாம் செய்யும் சோதனைகளுக்கு விடை என்ன வரவேண்டும் என்பது நமக்கு முன்பே தெரியும். புத்தகத்தில் ஓர் எண் இருக்கும். நம் தராசு வேறோர் எண்ணைக் காட்டும். அப்போது பென்சிலால் எழுதியதை அழித்துவிட்டுப் புத்தகத்தின் எண்ணை எழுதும் ஆசை யாருக்கும் வரக்கூடும். குறிப்பேடு அழகாக இருக்கும், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் நாம் கண்ட உண்மை அந்த அழிப்பானோடு போய்விடும்.

93 என்ற எண்ணை நூறாக்கி எழுதியிருந்தால் விங்க்ளரை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஜெர்மானியம் மட்டும் இன்னும் சில காலம் ஒளிந்தே இருந்திருக்கும். குறைந்ததைக் குறைந்தபடியே எழுதும் துணிவு அவருக்கு இருந்தது. தெரியாத இடத்தைக் காலியாகவே விடும் துணிவு மெண்டலீவுக்கு இருந்தது. ஒருவருடைய காலிக் கட்டத்தை மற்றொருவருடைய ஏழு பங்கு நிரப்பியது.

நம் செய்முறைக் குறிப்பேட்டில் விடை ஒத்துவராத நாளில் எண்ணை மாற்றாமல் வைத்து, ஏன் என்று ஆசிரியையிடம் கேட்போம். பெரும்பாலும் அது நம் கைப்பிழையாகவே இருக்கும். அதையும் அறிந்து கொள்வது நல்லதே. எப்போதோ ஒருமுறை, அங்கே ஓர் ஆர்ஜிரோடைட் காத்திருக்கலாம்.